புது கோச்சும் பழைய ஷீல்டுகளும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் நம் ராமநாதபுரம் கடற்கரைக் கல்லூரிகளின் கூடைப்பந்தைப் பற்றி நாலு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஆளைச் சுற்றித்தான் வருகின்றன: பேர்போன டீமுக்குப் புதிதாக வந்திருக்கும் கோச். கோச்சே எழுதியிருக்கிறார், ரிட்டயர் ஆனவர் எழுதியிருக்கிறார், விளையாடுகிற பிள்ளை எழுதியிருக்கிறது, சம்பளம் கொடுக்கிற கமிட்டியும் எழுதியிருக்கிறது. எல்லோரும் ஒரே கல்லூரிக்காரர்கள் இல்லை, ஆனால் பிரச்சினை ஒன்றுதான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இதையே பேசிவிடுவோம்.

கேள்வி: சார், எனக்கு 29 வயது. கடற்கரையோரக் கல்லூரி ஒன்றில் ஜூன் மாதம் கூடைப்பந்து கோச்சாகச் சேர்ந்தேன். எனக்கு முன்னால் இருந்த சார் 26 வருடம் இருந்தவர். பிரின்சிபால் ரூம் வாசலில் இருக்கும் கண்ணாடி அலமாரி முழுக்க அவர் காலத்து ஷீல்டுகள்தான். என்னுடைய முதல் இன்டர் காலேஜ் போட்டியிலேயே செமி ஃபைனலில் நாலு பாயிண்டில் தோற்றோம். மறுநாள் டீக்கடையில், ஆபீஸில், பஸ் ஸ்டாப்பில் எங்கே போனாலும் "அவர் இருந்திருந்தா" என்றுதான் பேச்சு. அவரும் தினமும் சாயங்காலம் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பிராக்டிஸைப் பார்க்கிறார், ஒன்றும் சொல்வதில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன செய்வது? – பெயர் வேண்டாம், மண்டபம் பக்கம்.

பதில்: தம்பி, நாளைக்கு காலேஜுக்குப் போனதும் அந்த அலமாரி முன்னால் நின்று, இருப்பதிலேயே பழைய ஷீல்டில் என்ன வருடம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம் எது என்று ஆபீஸில் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் சில வருடங்கள் இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஊர் உங்களுடைய முதல் மூன்று மாதத்தை அவருடைய இருபத்தாறாவது வருடத்தோடு வைத்துப் பார்க்கிறது. அவருடைய முதல் வருடத்தோடு பார்த்தால்தானே கணக்கு நேராகும்? அந்த வருடத்தை ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை, அவருக்கு மட்டும் இருக்கும்.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் இல்லை. கல்லூரிக் கூடைப்பந்தை உயிராக நினைக்கிற அமெரிக்காவில் யு.சி.எல்.ஏ. என்ற பல்கலைக்கழகத்துக்கு ஜான் வுடன் 1948-ல் கோச்சாக வந்தார். பின்னால் 12 வருடத்தில் 10 தேசியப் பட்டம், அதில் 7 தொடர்ச்சியாக, 88 மேட்ச் வரிசையாக வெற்றி என்று ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் இன்றுவரை யாரும் கிட்ட நெருங்காத சாதனை அவருடையது. ஆனால் முதல் பட்டம் வந்தது 1964-ல்தான். அதற்கு முன்னால் 15 சீசன் ஒரு பட்டமும் இல்லை. ஒரு பழைய ஜிம்மில், பிராக்டிஸுக்கு முன்னால் தரையை அவரே துடைத்துவிட்டுப் பயிற்சி கொடுத்த காலம் அது. டியூக் பல்கலைக்கழகத்தில் 42 சீசன் இருந்து 5 பட்டம் வாங்கிக் கொடுத்த மைக் ஷிஷெவ்ஸ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-ல் சேர்ந்தவர், முதல் மூன்று சீசனில் 38 வெற்றி, 47 தோல்வி. மூன்றாவது சீசனின் கடைசி ஆட்டத்தில் 109-66 என்று தோற்றார்கள், 43 பாயிண்ட் வித்தியாசம்! நீங்கள் நாலு பாயிண்டுக்கு வருத்தப்படுகிறீர்கள். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 36 வருடம் இருந்த டீன் ஸ்மித்துக்கு, 1965-ல் ஒரு தோல்விக்குப் பிறகு டீம் பஸ் திரும்பி வந்தபோது, அவர் மாதிரியே ஒரு பொம்மை செய்து மாணவர்கள் ஜிம் வாசலில் தொங்கவிட்டிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிப் போய் அதைப் பிய்த்தெறிந்தவர் அவருடைய வீரர் பில்லி கன்னிங்ஹாம். அன்று பொம்மையாகத் தொங்கவிடப்பட்ட ஸ்மித் பிற்காலத்தில் 879 வெற்றியோடு ஓய்வு பெற்றார்.

இதெல்லாம் முன்னோடியாக வந்தவர்களின் கதை. உங்கள் நிலைமை அவர்களுக்குப் பின்னால் வந்தவருடையது, அது இன்னும் கஷ்டம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். 1975-ல் வுடன் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு வந்தவர் ஜீன் பார்ட்டோ. இரண்டு வருடத்தில் 61 மேட்ச் ஆடி 52-ல் ஜெயித்தார், முதல் வருடமே கடைசி நாலு டீம் வரை போனார். அதுவும் போதவில்லை என்று ஏசினார்கள். இரண்டே வருடத்தில் அவர் கிளம்பி அலபாமாவில் பர்மிங்ஹாமுக்குப் போய் ஒன்றுமே இல்லாத இடத்தில் புதிதாக ஒரு டீமை உருவாக்கி நிம்மதியாக இருந்தார். யு.சி.எல்.ஏ.வுக்கு அடுத்த பட்டம் 1995-ல்தான் வந்தது, நடுவில் இருபது வருடம். பார்ட்டோவை விட்டதால்தான் அப்படி ஆனது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நூற்றுக்கு எண்பத்தைந்து ஜெயிக்கிற மனிதனிடம் குறை கண்ட இடத்தில் யார்தான் நிலைத்து நிற்க முடியும்?

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். வட கரோலினாவில் டீன் ஸ்மித்துக்குப் பிறகு, 2000-ல் அதே ஊரில் விளையாடிய மேட் டோஹர்ட்டி கோச்சாக வந்தார். பல வருடமாக இருந்த உதவியாளர்களுக்குப் பதிலாகத் தன் ஆட்களைக் கொண்டுவந்தார். முதல் வருடம் நன்றாகப் போனது, இரண்டாவது வருடம் 8 வெற்றி, 20 தோல்வி, மூன்றாவது வருடத்தோடு விலக வேண்டி வந்தது. காரணம் அது ஒன்றுதான் என்று இல்லை, ஆனாலும் பழைய ஆட்களின் மனத்தாங்கல் கடைசி வரை தீரவில்லை. அதனால் உங்கள் மைதானத்தில் கோடு போடுகிற மார்க்கர், தண்ணீர் வைக்கிற அம்மா, ஸ்கோர் எழுதுகிற அண்ணன் யாரையும் தொடாதீர்கள். ஆட்டத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் உங்களுடையதாக ஆக்குங்கள். நானாக இருந்தால் ஃப்ரீ த்ரோவை எடுப்பேன், அதாவது எதிராளி ஃபவுல் செய்ததற்காக, யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று ஒரு பாயிண்டுக்குப் போடுகிற பந்து. ஒவ்வொரு பையனும் பிராக்டிஸ் முடிந்து களைத்து நிற்கும்போது இருபது ஃப்ரீ த்ரோ, போட்டது எத்தனை என்று நோட்டில் எழுத வேண்டும், தினமும். நாலு பாயிண்டில் தோற்ற மேட்சில் எத்தனை ஃப்ரீ த்ரோ விட்டீர்கள் என்று ஸ்கோர் ஷீட்டைப் பாருங்கள், அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

வுடன் ஒவ்வொரு வருடமும் முதல் நாள் பிராக்டிஸில் பந்தைக் கையில் கொடுக்க மாட்டார். சாக்ஸ் எப்படிப் போடுவது என்று சொல்லிக் கொடுப்பார். விரல் நுனியிலும் குதிகாலிலும் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டு, கையால் தடவிப் பார்த்து, அப்புறம் ஷூவை ஒவ்வொரு கண்ணியாக இறுக்கிக் கட்டச் சொல்வார். சுருக்கம் இருந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் பிராக்டிஸ் போச்சு. தேசிய சாம்பியன்கள் உட்கார்ந்து சாக்ஸ் போடக் கற்றுக்கொண்டார்கள். நம் பிள்ளைகள் மணல் ஒட்டிய காலோடு அப்படியே ஷூவுக்குள் நுழைகிறவர்கள், அவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

அந்த வேப்பமரத்தடி சாரிடம் போய் உட்காருங்கள். அறிவுரை கேட்கப் போகாதீர்கள், காற்றைப் பற்றிக் கேளுங்கள். நான் விளையாடிய கோர்ட் வடக்கு தெற்காக இருந்தது, ஆனி ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது வடக்கு ரிங்கைப் பார்த்து நின்றால் பந்து வலப்பக்கம் ஓடும். வளையத்தின் இடது ஓரத்தைக் குறிவைத்தால்தான் உள்ளே விழும், வெளியூர் டீம்களுக்கு இது புரிவதற்குள் முதல் பாதி முடிந்துவிடும். உங்கள் கோர்ட்டில் எந்த மாதம் எந்தப் பக்கம் ஆடுவது என்று இருபத்தாறு வருடமாகப் பார்த்தவர் அவர். அதை எந்தக் கோச்சிங் சர்டிபிகேட்டிலும் படிக்க முடியாது. டீக்கடைப் பேச்சைப் பற்றிக் கேட்டீர்களே, பேசுகிறவர்கள் அந்த டீமை விரும்புகிறவர்கள், அவ்வளவுதான். பேசாமல் விட்டார்கள் என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

கேள்வி: நான் 31 வருடம் கல்லூரியில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். புதுப் பையன் வந்திருக்கிறான். பிராக்டிஸைப் பார்க்கப் போனால் அவனுக்குச் சங்கடமாக இருக்குமோ என்று தோன்றுகிறது, போகாமலும் இருக்க முடியவில்லை. – தொண்டி.

பதில்: ஐயா, கட்டாயம் போங்கள். வுடன் ஓய்வுக்குப் பிறகு பல வருடம் அதே அரங்கில், டீம் உட்காரும் பெஞ்சுக்குப் பின்னால், இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து மேட்ச் பார்த்தார். அவர் யாரையும் குறை சொன்னதில்லை. ஆனாலும் அவர் அங்கே இருப்பதே பின்னால் வந்தவர்களுக்குப் பெரிய பாரமாக இருந்திருக்கும், அதை யோசித்துத்தான் நீங்களும் தயங்குகிறீர்கள். என் யோசனை இது: ஒரு நாள், பிள்ளைகள் எல்லோரும் பார்க்கும்படி, நேராகக் கோர்ட்டுக்குள் போய் அந்தத் தம்பியின் கையைப் பிடித்து "நல்லா நடத்துறீங்க கோச்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். 'கோச்' என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வர வேண்டும். அதற்குப் பிறகு நீங்கள் தினமும் உட்கார்ந்தாலும் அவருக்கு அது பலம்தான். வீட்டில் மட்டும் பழைய மாணவர்கள் வந்து அவரைப் பற்றிக் குறை பேசினால் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பிக்கிறது.

கேள்வி: எங்கள் காலத்தில் வேகமாக ஓடி, உள்ளே புகுந்து லே-அப் போடுவோம். இப்போது வந்திருக்கும் கோச் எல்லோரையும் வெளியே நின்று மூன்று பாயிண்டுக்குப் போடச் சொல்கிறார். எங்கள் டீமின் அடையாளமே போய்விட்டது. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து மனு கொடுக்கலாம் என்று இருக்கிறோம். – கீழக்கரை.

பதில்: அண்ணே, மனு வேண்டாம். நீங்கள் விளையாடிய டீமில் எத்தனை பேர் ஆறடிக்கு மேல்? இப்போது எத்தனை பேர்? நம் பக்கம் நல்ல உயரமான பையன் பிளஸ் டூ முடித்ததும் கோவைக்கோ சென்னைக்கோ போய்விடுகிறான், ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் இலவசம், சாப்பாட்டில் முட்டை. யாரைக் குறை சொல்ல? அவன் அப்பா கடலில் கஷ்டப்படுகிறவர், அனுப்பத்தான் செய்வார். மீதி இருக்கும் பிள்ளைகளை வைத்து உள்ளே புகுந்தால் எதிராளி தட்டிவிடுகிறான், அதனால் வெளியே நின்று போடச் சொல்கிறார். அமெரிக்காவிலும் இப்போது இதே பாடுதான். வீரர்கள் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு எளிதாக மாறலாம், 2021-லிருந்து தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணமும் சம்பாதிக்கலாம். ஒரு கோச் மூன்று வருடம் செதுக்கிய பையன் நாலாவது வருடம் வேறு டீம் பனியனில் வந்து நிற்கிறான். முன்பு இருந்த கோச்சுக்கு இல்லாத தலைவலி இது.

இன்னொரு விஷயமும் சொல்கிறேன். கூடைப்பந்தை 1891-ல் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தே பிறகு கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் முதல் கோச்சாக இருந்தார். அவருடைய கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழகத்தின் கோச்சுகளில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக உள்ளவர் அவர் ஒருவர்தான், ஆனால் அங்கே ஆடும் தரைக்கே அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். மனுவுக்குச் செலவாகும் பணத்தில் இரண்டு நல்ல பந்து வாங்கிக் கொடுங்கள், சிமெண்ட் தரையில் ஆடி ஆடி மேல்தோல் வழுக்கிப்போன பந்தில்தான் பிள்ளைகள் பழகுகிறார்கள்.

கேள்வி: அண்ணா, நான் காலேஜ் டீமில் விளையாடுகிறேன். எங்களுக்கு வந்திருக்கும் புது கோச் ஓர் அக்கா, 24 வயதுதான். முன்னால் இருந்த சார் பெரிய ஆள். "இந்தப் பொண்ணு என்னத்தைச் சொல்லிக் கொடுக்கும்" என்று எங்கள் வீட்டிலேயே பேசுகிறார்கள். எனக்கு அந்த அக்காவை ரொம்பப் பிடித்திருக்கிறது. – பாம்பன்.

பதில்: தங்கச்சி, வீட்டில் இதைப் படித்துக் காட்டு. பேட் சம்மிட் என்ற பெண் 1974-ல் டென்னசி பல்கலைக்கழகத்துப் பெண்கள் அணிக்குத் தலைமைக் கோச் ஆனபோது அவருக்கு 22 வயது. டீமிலிருந்த சிலருக்கும் அவருக்கும் ஒன்றிரண்டு வயதுதான் வித்தியாசம். வெளியூர் மேட்சுக்கு வேனை ஓட்டியதும் அவர்தான், பிள்ளைகளின் பனியனைத் துவைத்ததும் அவர்தான். முதல் மேட்ச் ஒரு பாயிண்டில் தோல்வி. 38 சீசன் கழித்து ஓய்வு பெற்றபோது 1,098 வெற்றி, 8 தேசியப் பட்டம். உங்கள் அக்கா அப்படி ஆவாரா என்று எனக்குச் சொல்லத் தெரியாது, 24 வயது என்பதற்காக ஆக மாட்டார் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. காலை பிராக்டிஸுக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே போய் நில். அவர் விசில் ஊதுவதற்குள் நீங்கள் எல்லோரும் வரிசையில் நின்றால், பார்க்கிறவர்கள் தானாகவே பேச்சை மாற்றுவார்கள்.

கேள்வி: சார், அமெரிக்காவில் காலேஜ் மேட்சுக்கு ஏன் இவ்வளவு பரபரப்பு? கோச் மாறினால் டி.வி.யில் எல்லாம் காட்டுகிறார்களே? – பத்தாம் வகுப்பு மாணவன், தேவிபட்டினம்.

பதில்: தம்பி, அங்கே முதல் பிரிவில் மட்டும் சுமார் 360 பல்கலைக்கழக டீம்கள். மார்ச் மாதம் அதில் 68 டீமைத் தேர்ந்தெடுத்துப் போட்டி நடத்துவார்கள். ஒரு தடவை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், லீக் கிடையாது, மறு வாய்ப்பு கிடையாது. அதனால்தான் அவ்வளவு படபடப்பு. பல ஊர்களில் பெரிய கிளப் டீம் ஒன்றும் இல்லை, பல்கலைக்கழக டீம்தான் ஊர்க் கோவில் தேர் மாதிரி. கென்டக்கி 8 பட்டம் வாங்கிய இடம். 2024-ல் மார்க் போப் என்பவரைக் கோச் ஆக்கினார்கள், 1996-ல் அங்கே பட்டம் வென்ற டீமின் கேப்டன் அவர். மேட்சே இல்லை, கோச்சை அறிமுகப்படுத்துகிற நிகழ்ச்சிதான், அதற்கே இருபதாயிரம் பேர் உட்காரும் அரங்கம் நிரம்பி வழிந்தது. அந்தக் கூட்டத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது, அந்த மனிதரை நினைத்து.

முதல் வருடமே நன்றாகச் செய்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. வட கரோலினாவில் ஹியூபர்ட் டேவிஸ் முதல் சீசனிலேயே, 2022-ல், இறுதிப் போட்டி வரை போனார். பாதி ஆட்டத்தில் 15 பாயிண்ட் முன்னால் இருந்து, கடைசியில் கன்சாஸிடம் 72-69 என்று தோற்றார்கள். அடுத்த சீசன் தொடங்கும்போது நாட்டிலேயே முதலிடம் என்று எல்லோரும் கணித்தார்கள், ஆனால் அந்த 68 டீமில் ஒன்றாகக்கூட வர முடியவில்லை.

கேள்வி: கல்லூரி நிர்வாகக் கமிட்டியில் இருக்கிறேன். புது கோச்சுக்கு எத்தனை வருடம் கொடுக்கலாம்? ஒரு வருடம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். – ராமநாதபுரம்.

பதில்: டிகிரி மூன்று வருடம். இந்த ஜூனில் அவரே பார்த்துத் தேர்ந்தெடுத்த முதலாண்டுப் பையன், மூன்றாவது வருடம்தான் முழு ஆட்டக்காரனாக நிற்பான். அதுவரை ஆடுவது பாதிக்கு மேல் முந்தையவர் சேர்த்த டீம்தான். அதனால் மூன்று வருடத்துக்குக் குறைந்து முடிவு எடுத்தால் அவரை எடைபோட்டதாகவே ஆகாது, நாலாவது வருடம் கணக்குப் பாருங்கள். விசைப்படகுக்குப் புது டிரைவர் ஏறிய முதல் வாரம் மீன்பாடு இல்லை என்று எந்த முதலாளியாவது அவரை இறக்கிவிடுகிறாரா? டியூக்கில் எல்லோரும் ஷிஷெவ்ஸ்கியை மாற்று என்று கத்திக்கொண்டிருந்த நேரத்தில், விளையாட்டுத் துறைக்குப் பொறுப்பாக இருந்த டாம் பட்டர்ஸ் 1984 ஜனவரியில் அவருக்கு ஒப்பந்தத்தை நீட்டித்துக் கொடுத்தார். 1986-ல் இறுதிப் போட்டி, 1991-ல் முதல் பட்டம், அதாவது பதினோராவது சீசனில்.

அதற்காக மூன்று வருடம் கண்ணை மூடிக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. பிராக்டிஸுக்கு எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், அடிபட்ட பையனை ஆட வைக்கிறாரா, அரியர் உள்ளவனைப் படிக்க விடுகிறாரா, பிள்ளைகள் மேல் கை நீட்டி அடிக்கிறாரா, இதையெல்லாம் முதல் மாதத்திலிருந்தே பாருங்கள். கை நீட்டுகிறவருக்கு ஒரு வருடம்கூடக் கொடுக்க வேண்டாம். மற்றபடி ஷீல்டை மட்டும் கேட்காதீர்கள். அவர் சேர்ந்த அன்றே "இத்தனை வருடத்தில் இதை எதிர்பார்க்கிறோம், இத்தனை பந்தும் இத்தனை ஜோடி ஷூவும் பயணப்படியும் தருகிறோம்" என்று ஒரு தாளில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டால் பிற்பாடு பாதிச் சண்டை வராது. நான் கோச்சாகச் சேர்ந்த இடத்தில் அப்படி ஒரு தாள் இல்லை. இரண்டாவது வருடக் கடைசியில்தான், என்னிடம் என்ன எதிர்பார்த்தார்கள் என்பதை வேலையை விட்டு அனுப்பும் கடிதத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

கேள்வி: உப்புக்காற்றில் எங்கள் கோர்ட் ரிங் துருப்பிடித்து ஆடுகிறது. புது கோச் கேட்டும் இன்னும் மாற்றவில்லை. நாங்களே ஏதாவது செய்யலாமா? – டீம் கேப்டன், உச்சிப்புளி.

பதில்: தாராளமாகச் செய்யலாம், கோச்சிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிங்கைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் துருவை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை, அது காய்ந்ததும் ஆரஞ்சு எனாமல் இரண்டு கை அடியுங்கள். உப்பு ஒட்டியிருக்கும்போதே பெயிண்ட் அடித்தால் உள்ளேயே அரிக்கும். ரிங் ஆடுகிறது என்றால் பழுது பெரும்பாலும் போல்ட்டில்தான், அதைத் துத்தநாகப் பூச்சு உள்ளதாக மாற்றச் சொல்லுங்கள். வலை கடையில் வாங்க வேண்டாம், நைலான் வலைக் கயிற்றில் நீங்களே பின்னலாம், உங்கள் டீமிலேயே வலை பின்னத் தெரிந்தவன் இரண்டு பேராவது இருப்பான். திரும்ப மாட்டும்போது தரையிலிருந்து வளையம் வரை டேப் பிடித்து அளந்துவிடுங்கள், 3.05 மீட்டர் இருக்க வேண்டும்.